அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம்

இக்கிழமை தபாலில் வந்த கடிதங்களுள் ஒன்று என்னைச் சற்று நேரம் வேறெதனையும் எழுதவிடாது நிறுத்திவிட்டது. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து, உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுடைய தமையன் கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்ப்பவன். 'தரவுப் பகுப்பாய்வாளர்' என்னும் உத்தியோகத்துக்கு இப்பொழுது நல்ல மதிப்பு உண்டென அங்கே கேள்வியுற்று வந்து வீட்டிலே சொன்னானாம். வங்கிக் கணக்கையும் வியாபாரக் கணக்கையும் பார்ப்பதிலும், மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை ஆராயும் இடமொன்றில் அவ்வேலையைச் செய்வதே தனக்கு விருப்பம் என்று இவள் சொல்ல, தகப்பனார், "பட்டம் படித்துவிட்டு ஊரார் கணக்கைக் கூட்டிக் கழிக்கவா போகிறாய்? அது கிளாக்கர் வேலைதானே! டீச்சர் வேலைக்குப் போம்மா" என்று முடித்துவிட்டாராம்.

கடிதத்தின் ஈற்றில் இரண்டு வினாக்கள். "ஐயா, இது வெறும் இலிகிதர் வேலைதானா? இதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதேனும் ஆகுமா?"

இப்பத்தியை எழுதுபவனும் சில காலம் அத்தொழிலைச் செய்தவனாதலின் இவ்வினாக்களைத் தட்டிக் கழிக்க மனம் வரவில்லை. தகப்பனார் சொன்னதிலும் முற்றாகப் பிழை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இத்தொழிலில் பத்து நாள் வேலை என்றால் ஏழு நாள் இலிகிதர் வேலைதான். வந்த தரவுகளைத் துடைப்பது, ஒரே வீடு இரு தரம் பதியப்பட்டுள்ளதா என்று பார்ப்பது, நான்கு வயதுப் பிள்ளைக்கு மூன்று பிள்ளைகள் என்று எவராவது எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது, இவைதாம் அந்த ஏழு நாளும். மற்ற மூன்று நாளைப் பற்றித்தான் நான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். ஆனால் அந்த ஏழு நாளைச் செவ்வனே செய்யாதவனுக்கு இந்த மூன்று நாள் வாய்ப்பதில்லை.

'மனித அபிவிருத்தி' என்னும் சொற்றொடரை நேயர்கள் பத்திரிகைகளிலே அடிக்கடி கண்டிருப்பீர்கள். ஒரு நாடு முன்னேறியதா இல்லையா என்பதை அந்நாட்டின் மொத்த உற்பத்தி எத்தனை கோடி என்பதைக் கொண்டே அளப்பது நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூப் உல் ஹக். தம் நாட்டுத் திட்ட ஆணைக்குழுவிலே பிரதம பொருளியலாளராக இருந்தவர். 1968இல், நாட்டின் கைத்தொழிற் செல்வத்தின் பெரும் பகுதி இருபத்திரண்டு குடும்பங்களின் கையிலே அடங்கிக் கிடக்கிறது என்று வெளிப்படையாகப் பேசிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியவர். உற்பத்தி வளர்ந்தது உண்மை; வளர்ந்தது எவருடைய வீட்டில் என்பதே அவர் கேட்ட கேள்வி. 1990ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் சார்பில், முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கையை வெளியிடச் செய்தவரும் அவரே.

அவ்வறிக்கையிலேதான் மனித அபிவிருத்திச் சுட்டெண் என்னும் ஒற்றை எண் பிறந்தது. கேம்பிரிட்ஜ் காலந்தொட்டு ஹக்கின் நண்பரான அமர்த்தியா சென் தொடக்கத்தில் இதற்கு உடன்படவில்லை. மனித வாழ்வின் பல கூறுகளை ஓர் எண்ணுக்குள் அடைப்பது முரட்டுத்தனமான செயல் என்பது அவர் கருத்து. ஹக்கோ, மொத்த உற்பத்தி என்னும் எண்ணும் முரடானதுதான். அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டுமானால் அதே அளவு எளிமையான, ஆனால் மனிதரின் வாழ்வைக் கண்ணெடுத்துப் பார்க்கக்கூடிய வேறோர் எண் வேண்டும் என்று வாதித்து அவரை இணங்கச் செய்தார். இதனைச் சென் அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1998 ஜூலையில் ஹக் மறைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலே சென்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சுட்டெண்ணின் கணக்கு உயர்தர மாணவி ஒருத்திக்குக் கடினமானதன்று. மூன்று கூறுகள்: ஆயுள், கல்வி, வருமானம். பிறக்கும் பிள்ளை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்பதிலிருந்து 20ஐக் கழித்து 65ஆல் வகுப்பர். 20 ஆண்டு கீழெல்லை, 85 ஆண்டு மேலெல்லை. ஆயுள் 72 ஆனால் 52ஐ 65ஆல் வகுக்க 0.80 வரும். கல்விக்கு இரு அளவைகள் உள. வளர்ந்தோர் படித்து முடித்த ஆண்டுகள் ஒன்று. இன்று பள்ளியிலே சேரும் பிள்ளை படிக்கக்கூடுமென எதிர்பார்க்கப்படும் ஆண்டுகள் மற்றையது. வருமானத்தில்தான் ஒரு நயம் இருக்கிறது. அங்கே நேரான கழித்தல் இல்லை, மடக்கை எடுக்கிறார்கள். கீழெல்லை 100 டொலர், மேலெல்லை 75,000 டொலர். தலா வருமானம் 1,000 டொலராக உள்ள நாட்டிலே இன்னும் ஓராயிரம் சேர்ந்தால் வருமானச் சுட்டி ஏறத்தாழ 0.105 உயர்கிறது. 50,000 டொலர் உள்ள நாட்டில் அதே ஆயிரம் சேர்ந்தால் 0.003 மாத்திரமே உயர்கிறது. ஏழையின் கையிலே விழும் ரூபாயும் செல்வந்தன் கையிலே விழும் ரூபாயும் ஒன்றல்ல என்று நம் பாட்டிமார் சொல்லும் உண்மையை மடக்கை வாய்பாடு சொல்கிறது. பள்ளிக்கூடத்திலே மடக்கையைப் படித்தபோது அதற்கு இப்படியொரு நெஞ்சம் உண்டென்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

2010ஆம் ஆண்டு தொடக்கம் மூன்று கூறுகளையும் கூட்டி மூன்றால் வகுப்பதைக் கைவிட்டு, பெருக்கி மூன்றாம் மூலம் காண்கிறார்கள். ஆயுளுக்கு 0.9, கல்விக்கு 0.9, வருமானத்துக்கு 0.3 என்றால் பழைய முறையில் 0.70, புதிய முறையில் 0.62. ஒன்றிலே தோற்றதை மற்றொன்றைக் காட்டி எளிதில் மூடிவிட இயலாது என்பது இதன் பொருள்.

இக்கணக்கின்படி நமது இலங்கை 'உயர் மனித அபிவிருத்தி' உடைய நாடுகளின் வரிசையிலே நிற்கிறது. வருமானத்திற் குறைந்திருந்தும் ஆயுளிலும் எழுத்தறிவிலும் இந்நாடு அடைந்த முன்னேற்றத்தைச் சென் முதலானோர் எடுத்துக்காட்டாகப் பல இடங்களிற் பேசியிருக்கின்றனர். பெருமைக்குரிய செய்திதான். ஆனால், கடிதம் எழுதிய மாணவியே, அந்தப் பெருமையில் உன் வீடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

2016ஆம் ஆண்டில் நமது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் குடித்தொகை, சுகாதாரம் பற்றிய பெரும் ஆய்வொன்றை நடத்தியது. ஏறத்தாழ 27,000 குடும்பங்களைச் சந்தித்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் அளந்தனர். வயதுக்கேற்ற உயரத்தில் உலக நியமத்தின் இடையத்துக்கு இரண்டு நியம விலகல்களுக்கும் கீழே நிற்கும் பிள்ளையை 'வளர்ச்சி குன்றிய பிள்ளை' என்பர். இலங்கை முழுவதற்கும் அந்த எண் நூற்றுக்கு 17. தோட்டப் பகுதிக்கு மட்டும் நூற்றுக்கு 32.

தோட்டத்துச் சனங்கள் நாட்டின் தொகையில் எவ்வளவினர்? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்கு 4.4. கணக்கைச் சுருக்கப் பிள்ளைகளும் நூற்றுக்கு ஐவர் என்றே கொள்வோம். தோட்டத்துப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டு நாட்டின் சராசரியை மறுபடி கணக்கிட்டால் என்ன வரும்? 17 என்பது 16ஐத் தாண்டிச் சற்று மேலே நிற்கும். முழுதாய் ஒன்றுகூடக் குறைவதில்லை! மூன்று பிள்ளைகளில் ஒன்று வளராமல் நிற்பதும் நாட்டின் எண்ணை ஒரு புள்ளி அசைப்பதற்குப் போதவில்லை. சராசரியை மட்டும் பார்த்து உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு மலையில் நடப்பது தெரிய வழியே இல்லை. அட்டவணையில் 'நகரம்', 'கிராமம்', 'தோட்டம்' என்று மூன்று நிரல்களைப் பிரித்துப் போட்டபோதுதான் அந்த 32 கண்ணுக்குத் தெரிந்தது.

நிரலைப் பிரிப்பதும் நினைத்தவுடன் ஆகிற காரியமன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை ஒன்றாயிருந்தால் அது சரி. அடியிலே தீய்ந்தும் மேலே வேகாமலும் இருக்கிற பானையில் எந்தச் சோற்றை எடுப்பது? தொகைக்கேற்ற விகிதத்தில் வீடுகளைத் தெரிந்தால் 1,000 வீட்டுக்கு 44 வீடுதான் தோட்டத்திலிருந்து வரும். அதை வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பற்றி நம்பிக்கையாக எதுவும் சொல்ல முடியாது. ஆகையால் சிறிய பகுதியிலிருந்து வேண்டுமென்றே கூடுதலான வீடுகளை எடுப்பதுண்டு. பின்னர் நாட்டின் மொத்த எண்ணைக் கணக்கிடும்போது, அக்கூடுதல் எண்ணைக் கெடுத்துவிடாதபடி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறையைக் கொடுத்துச் சமன் செய்வர். அந்நிறையைப் போட மறந்த பகுப்பாய்வாளனின் அறிக்கை பார்வைக்கு அழகாய்த்தான் இருக்கும். உள்ளே எல்லாம் பிழை.

இன்னொன்று. 'தோட்டம்' என்பதற்கும் ஒரு வரைவிலக்கணம் உண்டு: 20 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பும், குறைந்தது 10 வதிவிடத் தொழிலாளரும். தோட்டத்திலே வேலை செய்து, எல்லைக்கு அப்பால் சிறு துண்டு காணியிற் குடிசை போட்டிருப்பவர் 'கிராமம்' என்னும் நிரலிலே விழுந்துவிடுவார். அவருடைய பிள்ளையின் உயரம் மட்டும் அவ்வரைவிலக்கணத்தைப் படித்துப் பார்ப்பதில்லை.

இனி என் கதை. இத்தொழிலிலே நான் புகுந்த முதல் ஆண்டு. கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக் காரியாலயம், பெயர் வேண்டாம். மலைநாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் எடுத்த சிறிய ஆய்வொன்றின் தரவுகளை என்னிடம் கொடுத்து, தாய்மாரின் படிப்புக்கும் பிள்ளைகளின் உயரத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கச் சொன்னார்கள். முதற்காரியமாகத் தாய்மாரின் படிப்பின் சராசரியைக் கண்டேன். நூறு தாய்மார், சராசரி 8.8 ஆண்டு. எதிர்பார்த்ததிலும் எவ்வளவோ மேல்! உள்ளம் பூரித்தது. 'மலையகத்திலே தாய்மார் கல்வியின் மறுமலர்ச்சி' என்றொரு தலைப்பைக்கூட மனத்துக்குள் எழுதிவிட்டேன். தாளைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடினேன்.

அவர் முப்பது வருஷம் புள்ளிவிபரத்திலே ஊறி ஓய்வு பெற்றபின் எங்களிடம் வந்து சேர்ந்தவர். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தாளைப் பார்த்தார். "தம்பி, அதிகூடிய படிப்பு எத்தனை வருஷம் என்று பார்த்தீரோ?" என்றார்.

"இல்லை, ஐயா."

"போய்ப் பாரும்."

பார்த்தேன். தொண்ணூற்றொன்பது. மூன்று தாய்மார் தொண்ணூற்றொன்பது ஆண்டு பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்! வினாக்கொத்திலே 'தெரியாது' என்ற விடைக்கு 99 என்று குறியிடுவது வழக்கம். அதை நான் எண் என்று எண்ணிக் கூட்டிவிட்டேன். மற்றத் தொண்ணூற்றேழு பேரின் சராசரி 6 ஆண்டு. மூன்று 'தெரியாது' சேர்ந்து 6ஐ 8.8 ஆக்கிவிட்டன. என் மறுமலர்ச்சி ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

வெட்கத்தோடு அம்மூவரையும் அழித்துவிட்டு, சராசரி 6 என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போனேன். அவர் இம்முறை தாளைப் பார்க்கவேயில்லை. "அந்த மூன்று பேரும் ஆர், தம்பி?" என்று கேட்டார்.

"தெரியாது என்று சொன்னவர்கள், ஐயா."

"தான் எத்தனையாம் வகுப்புப் படித்தாள் என்று ஒரு தாய்க்குத் தெரியாதோ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மூல வினாக்கொத்துகள் அட்டைப் பெட்டிகளிலே கிடந்தன. ஒரு பகல் முழுவதும் தேடி அம்மூன்றையும் எடுத்தேன். மூன்றும் ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே நாள். விடை சொன்னவர் யார் என்ற கட்டத்தில் மூன்றிலும் 'மாமியார்' என்று எழுதியிருந்தது. நேரம் முற்பகல் பத்தரை. அந்நேரம் தாய்மார் எங்கே இருப்பார்கள்? கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பார்கள். வீட்டிலே இருந்த கிழவிக்கு மருமகளின் படிப்பு எப்படித் தெரியும்?

ஆகவே அந்த 'தெரியாது' தற்செயலாய் விழுந்ததன்று. பகலிலே வேலைக்குப் போகும் தாய்மார்தாம் அந்த வெற்றுக் கட்டத்துக்குள்ளே இருந்தார்கள். வேலைக்குப் போகாத தாய்மாருக்கு விடை நிரம்பியிருந்தது. மூவரை அழித்ததால் என் அட்டவணையிலிருந்து போனவர்கள் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள். இதுவே மூவராக இன்றி முப்பதின்மராக இருந்திருந்தால், 'வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை' என்பதைப் பற்றி நாங்கள் எழுதக்கூடிய ஒவ்வொரு வாக்கியமும் பொய்யாகப் போயிருக்கும். அவ்வாக்கியங்களைப் படித்துவிட்டுத்தான், பிள்ளைக்காம்பராவிலே பால்மா கொடுப்பதா, கொடுத்தால் எந்தத் தோட்டத்துக்குக் கொடுப்பது என்று எங்கோ ஒரு மேசையில் முடிவு செய்வார்கள்.

அவர் ஆளனுப்பினார். இம்முறை அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து தாய்மார் லயத்துக்குத் திரும்பிய பின் போகச் சொல்லி அனுப்பினார். மூன்று விடைகளும் வந்தன. ஒருத்தி நாலாம் வகுப்பு. ஒருத்தி பள்ளிக்கூடமே போகாதவள். மூன்றாமவள் பதினோராம் வகுப்பு! அந்த லயத்திலே அவ்வளவு படித்தவள் இருப்பாளென்று எங்களில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நூறு பேருக்கும் கணக்குப் பார்த்தேன்: 5.97. நான் அழித்தெழுதிய 6க்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பெட்ரோல் செலவுதான் மிச்சம் என்று காரியாலயத்தில் ஒருவர் பகிடி பண்ணினார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. இல்லை என்றே எனக்குப் படுகிறது. எண் மாறுமா மாறாதா என்பது போய்ப் பார்த்த பிறகல்லவோ தெரிகிறது?

ஒரு லயத்து வெற்றுக் கட்டம் இவ்வளவென்றால், ஒரு மாகாணமே வெற்றாய்க் கிடந்த கதையும் நம் நாட்டுக்கு உண்டு. இலங்கையிலே முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. 1981இன் பின்னர் 1991இல் நடக்க வேண்டியது யுத்தத்தால் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோதோ 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக எண்ண முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பல இடங்கள் எண்ணப்படவில்லை. தீவு முழுவதையும் ஒருங்கே எண்ணியது 2012இல்தான், முப்பத்தோராண்டுகளுக்குப் பின்னர். நான் மேலே சொன்ன 2016 ஆய்வுக்கு முன்னோடியாக 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளிலும் வடக்கும் கிழக்கும் சேரவில்லை. 2006–07இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு சேரவில்லை. அக்காலத்து அட்டவணைகளை எடுத்துப் பார்க்கும் மாணவர்கள் 'இலங்கை' என்னும் தலைப்பின் கீழே சிறிய எழுத்திலே உள்ள அடிக்குறிப்பையும் படித்தல் வேண்டும். அந்த ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிறந்த பிள்ளைகள் எவ்வளவு உயரம் வளர்ந்தார்கள் என்பதற்கு அப்புத்தகங்களில் விடை கிடையாது. அவ்விடம் வெற்று, பூச்சியமன்று. பூச்சியம் என்றால் அளந்தோம், ஒன்றுமில்லை என்பது பொருள். வெற்று என்றால் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை என்பது பொருள். கணனி இரண்டையும் சில வேளை ஒன்றாக்கிவிடும். மனிதன்தான் பிரிக்க வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறந்த திகதி தெரியாத முதியோரிடம் வயதைக் கேட்டால் ஐம்பது, அறுபது, அறுபத்தைந்து என்றே விடை வரும். ஐம்பத்தேழு வயதுடைய கிழவரைக் காண்பது அரிது! 23 முதல் 62 வயது வரை உள்ளோரில் எத்தனை பேர் 5இலும் 0விலும் முடியும் வயதைச் சொன்னார்கள் என்று பார்த்து, அது ஐந்திலொரு பங்கானால் 100 என்றும், எல்லாருமே அப்படிச் சொன்னால் 500 என்றும் ஒரு சுட்டெண் போடுகிறார்கள். விப்பிள் சுட்டெண் என்று பெயர். இந்த நோய்க்கு மருந்து நாட்காட்டியன்று, சம்பவங்கள். "சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்போது உங்களுக்குக் கலியாணம் ஆகிவிட்டதோ, ஆச்சி?" என்று மலையிலே கேட்டால் 1964 வந்துவிடும். மட்டக்களப்பிலே 1978 சூறாவளியைக் கேட்கலாம். கரையோரத்திலே 2004 ஆழிப்பேரலையைக் கேட்கலாம். இத்தகைய சம்பவப் பட்டியலை ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே தயாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போவது உலகெங்கும் உள்ள வழக்கம். இதற்குக் கணிதம் மட்டும் போதாது. அந்த ஊரின் கதை தெரிந்திருக்க வேண்டும். இதனாலேயே, கடிதம் எழுதிய பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பத்தரை மணிக்கு லயத்திலே தாய்மார் இருக்கமாட்டார்கள் என்பது எனக்கு ஒரு பகல் தேடிய பிறகே தெரிந்தது. அவளுக்கு அது பிறந்தது முதல் தெரியும்.

தகப்பனாரின் கவலைக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். ஆசிரியத் தொழிலுக்கு ஓய்வூதியம் உண்டு. இதற்கு எங்கும் உண்டென்று நான் உறுதி கூற மாட்டேன். அரசாங்கத் திணைக்களத்தில் இடம் கிடைத்தால் நிலையானது. ஆராய்ச்சி நிலையங்களிலோ பெரும்பாலும் திட்டம் முடியும் வரைதான் வேலை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். பணம் கொடுப்பவர் கையை மடக்கினால் ஆய்வும் நின்றுவிடும். பல நாடுகளில் குடித்தொகை சுகாதார ஆய்வுகளுக்கு 1984 முதல் உதவி வந்த அமெரிக்க அரசின் திட்டம் 2025இன் தொடக்கத்திலே திடீரென நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். நாற்பது வருஷத்து வேலை ஒரு கட்டளையிலே தடுமாறியது. இவற்றை மறைத்துவிட்டு ஒரு பிள்ளையை இவ்வழியிலே இழுத்துவிடுவது தகாது.

இரகசியத்தைப் பேணும் கடமையும் பெரிது. ஒருவரின் வீட்டுக்குள்ளே போய் அவர் சாப்பாட்டையும் பிள்ளைப்பேற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறோம். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சிறிய தோட்டமொன்றில் பதினோராம் வகுப்புப் படித்த தாய் ஒருத்திதான் என்றால், பெயரின்றியே அவள் இன்னாரென்று ஊரறிந்துவிடும். மேலே சொன்ன அனைத்துலக ஆய்வுகளிலே, ஆய்வு நடந்த இடத்தின் அமைவைக்கூட அப்படியே வெளியிடுவதில்லை. நகர்ப்புறமானால் இரண்டு கிலோமீற்றர் வரையும், நாட்டுப்புறமானால் ஐந்து கிலோமீற்றர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தி விடுகிறார்கள். நான் மேலே சொன்ன கதையிலும் தோட்டத்தின் பெயரை விட்டதற்கு இதுவே காரணம்.

என்ன படிப்பது என்றும் கேட்டிருக்கிறாள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகங்களிலே புள்ளிவிபரவியல் கற்கலாம். பொருளியலோ புவியியலோ சமூகவியலோ படித்துவிட்டு இத்துறைக்கு வந்தவர்களும் பலர். அவர்களுட் சிலர் கணிதம் மட்டும் படித்தவர்களிலும் நல்ல கேள்வி கேட்பார்கள். 'ஆர்' என்னும் கணனி மொழி இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைக்கே பழகத் தொடங்கலாம். திணைக்களத்தின் அட்டவணைகளும் இணையத்தளத்தில் எவரும் எடுக்கக்கூடியனவாக இருக்கின்றன. தன் மாவட்டத்துப் பக்கத்தை எடுத்து, தோட்டம் என்னும் நிரலை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கட்டும். தகப்பனாரையும் பக்கத்திலே இருத்தி அவருக்கும் வாசித்துக் காட்டட்டும். எந்த எண்ணிலே அவர், "இது பிழை, இங்கே அப்படியில்லை" என்று சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதட்டும்.

மற்றக் கடிதங்களுக்கு அடுத்த கிழமை மறுமொழி எழுதுவேன். ஹற்றனிலிருந்து கேட்டவருக்கு மட்டும் இப்பொழுதே சொல்லிவிடுகிறேன்: 'இடை'யும் 'இடைய'மும் ஒன்றல்ல, அச்சுப்பிழையுமன்று.